நீங்கிய காரணம்

டீச்சர்,

நேற்று நம் பள்ளிக்கூடத்து வேப்ப மரத்திலிருந்து நான்கு ஆணிகளைப் பிடுங்கினேன். இந்த வயதில் குறடும் கையுமாகக் கிழவி மரத்தோடு மல்லுக்கட்டுகிறாள் என்று பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. சிரிக்கட்டும். அந்த ஆணிகளில் என்ன தொங்கியது தெரியுமா? ‘பூமித் தாயைக் காப்போம்’ என்று ஒரு ஃபிளெக்ஸ். நாலு இடத்தில் மூன்றங்குல ஆணியை அறைந்து, பிளாஸ்டிக் துணியை இழுத்துக் கட்டி, பூமித் தாயைக் காக்கிறார்களாம். ஆணிகள் இப்போது என் மேஜைமேல் கிடக்கின்றன. ஒன்றின் நுனியில் பிசின் இன்னும் காயவில்லை. அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. கள்ளக்குறிச்சியில் உங்கள் தங்கை வீட்டு வாசலில் வைத்திருந்தார்கள். வந்தேன், மாலை போட்டேன், ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறினேன். உயிரோடு இருந்தபோது சொல்ல வேண்டியதைச் சொல்லாதவளுக்கு அங்கே என்ன பேச்சு? நாற்பது வருடத்துக்கு மேல் பழகியும் நாம் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீங்களும் டீச்சர், நானும் டீச்சர். பிள்ளைகளுக்குத்தான் குழப்பம் வந்து, நான்கு வயது மூத்தவளான என்னைப் பெரிய டீச்சர் என்றும் உங்களைச் சின்ன டீச்சர் என்றும் பிரித்துவைத்தார்கள்.

ஆணியோடு நேற்றைய கூத்து முடியவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னை உட்காரவைத்திருக்கிறார்கள், கையெழுத்துப் போடத்தான். இப்போதைய ஹெச்.எம். சின்ன வயது, நல்ல பையன்தான், ஒரு தாளை நீட்டினார். போன வருடம் நட்ட மரக்கன்றுகளைப் பற்றிய சான்று. படம் பிடித்து ஏற்றிவிட்டாராம், கையெழுத்து மட்டும்தான் பாக்கியாம். அதில் ஒரே வாக்கியம்: ‘பள்ளி வளாகத்தில் நூறு மரக்கன்றுகள் நடப்பட்டு, நல்ல முறையில் பராமரிக்கப்பட்டு வருகின்றன.’

படித்து முடித்ததும் என் காதில் உங்கள் குரல் கேட்டது. “யாரால?”

ஐந்தாம் வகுப்பில் நீங்கள் செயப்பாட்டு வினை நடத்திய விதத்தை இந்த ஜில்லாவில் வேறு யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள். ‘கிளை ஒடிக்கப்பட்டது’ என்று கரும்பலகையில் எழுதுவீர்கள். பிறகு வகுப்பைத் திரும்பிப் பார்த்து ஒரே கேள்வி, “யாரால?” எவனாவது ஒருவன் எழுந்து நிற்பான். ‘குளம் அசுத்தமாக்கப்பட்டது. யாரால?’ ‘ஓணான் அடிக்கப்பட்டது. யாரால?’ பையன்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்துச் சிரிப்பார்கள். அடி கிடையாது, திட்டு கிடையாது. ஒடித்தவன் தன் வாயால் செய்வினையில் மாற்றிச் சொல்ல வேண்டும். ‘நான் கிளையை ஒடித்தேன்.’ அவ்வளவுதான் தண்டனை. பக்கத்து வகுப்பிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, இது இலக்கணப் பாடமா, பஞ்சாயத்தா என்று இருக்கும்.

நம் பள்ளி ரோட்டை ஒட்டி இருந்தது. எலவனாசூர்கோட்டையிலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற பஸ்ஸெல்லாம் நம் ஜன்னலை உரசிக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் புளிய மரங்கள். இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப் பிடிக்க வேண்டும், அப்படிப்பட்ட மரங்கள். அடியில் வெள்ளையும் கறுப்பும் பட்டை அடித்து, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கும். எத்தனையோ வருடமாக நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த நம்பர்கள்தான். நீங்கள் ஒருத்திதான் அதை வருகைப் பதிவு என்று நினைத்தீர்கள்.

முப்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தெட்டு வரை இருபத்தெட்டு மரம். உங்கள் வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். ஆளுக்கு ஒரு மரம். காலையில் பிள்ளைகளின் வருகை எடுத்த கையோடு மரங்களின் வருகை. “நாப்பத்தொண்ணு” என்பீர்கள். முருகன் எழுந்து, “உள்ளேன் டீச்சர்” என்பான். வருகிற வழியில் தன் மரத்தைப் பார்த்துவிட்டு வந்தவன்தான் அப்படிச் சொல்லலாம். பார்க்காதவன் “பாக்கல டீச்சர்” என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். பார்க்காமல் உள்ளேன் சொன்னவனை எப்படியோ கண்டுபிடித்துவிடுவீர்கள். “உன் மரத்துல இன்னைக்கு யார்ரா வந்திருக்காங்க?” என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான்.

நூலை எடுத்துக்கொண்டு போய் மரத்தின் இடுப்பை அளப்பது, கண்ணை மூடி மரத்தடியில் உட்கார்ந்து ஐந்து சத்தங்களை எழுதிக்கொண்டு வருவது, மழைக்கு முன்னும் பின்னும் வேரடி மண்ணைப் பாட்டிலில் கரைத்து வைத்து எது அடியில் தங்குகிறது என்று பார்ப்பது. என்னென்னவோ செய்தீர்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி சுவரில் ஒரு சார்ட் இல்லையே, கற்பித்தல் உபகரணம் எங்கே என்று சத்தம் போட்டார். “வெளிய நிக்குதுங்க சார்” என்று ஜன்னலைக் காட்டினீர்களே, எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். நான்தான் விடவில்லை. எனக்குப் பதிவேடு என்றால் பைத்தியம். எதையும் கோடு போட்ட தாளில், கட்டம் பிசகாமல் எழுதிவைத்தால்தான் எனக்கு அது நடந்ததாகவே தோன்றும். இத்தனை மரத்தையும் வாயில் வைத்துக்கொண்டு திரிகிறீர்களே என்று கடிந்துகொண்டு, பீரோவிலிருந்து கறையான் அரித்த பழைய சேர்க்கைப் பதிவேடு ஒன்றை எடுத்துவந்தேன். மரங்களைப் பள்ளியில் சேர்ப்போம் என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். உங்கள் எழுத்து கோழிக் கிறுக்கல், என் எழுத்து அச்சு. எனவே நான் எழுதினேன். சேர்க்கை எண் கட்டத்தில் மரத்தின் நம்பர். பெயர்க் கட்டத்தில் ‘புளி.’ பாதுகாவலர் கட்டத்தில் பிள்ளையின் பெயர். “வெறும் முருகன்னு போதும் டீச்சர்” என்றீர்கள். ஊரில் மூன்று முருகன் இருக்கிறான், தகப்பன் பெயர் இல்லாமல் அது என்ன பதிவேடு என்று கேட்டு, ‘முருகன், த/பெ கோவிந்தன்’ என்று இருபத்தெட்டுக்கும் எழுதியவள் நான். கடைசியில் ‘நீங்கிய காரணம்’ என்று ஒரு குறுகலான கட்டம். அதைக் காலியாக விட்டோம். மரம் எங்கே நீங்கப் போகிறது?

அந்த வருடங்களைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லையே. படிப்பிலும் வேலையிலும் தங்கள் சாதிக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று நம் ஊர்க்காரர்கள் கேட்டு, ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. பிறகு சாலை மறியல் என்றார்கள். பள்ளிக்குப் பக்கத்து வீட்டில் ஆளுக்கு ஓர் அறையில் நாம் குடியிருந்தோம். மறியல் அன்று விடிந்தும் விடியாமல் கோடரிச் சத்தம் கேட்டது. நான் ஜன்னலோடு நின்றுவிட்டேன். நீங்கள் செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினீர்கள்.

முருகனின் அப்பா கோவிந்தன் நாற்பத்தொன்றின் அடியில் நின்றுகொண்டிருந்தார். தப்பான ஆள் இல்லை, நம் பள்ளிக் கூரை ஒழுகியபோது தானே ஏறி ஓடு மாற்றியவர். நீங்கள் மரத்துக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றீர்கள்.

“எம் புள்ள படிச்சி இன்னா டீச்சர் ஆவப்போறான்? எந்த ஆபீசுலயாச்சும் எங்காளு ஒருத்தன காட்டுங்க பாக்கலாம். மரம் மறுபடி தழையும் டீச்சர்.”

“நீங்க கேக்கறது நியாயங்க. நான் இல்லன்னு சொல்லல. ஆனா இது முருகனோட மரம்” என்றீர்கள்.

அவர் நம்பரைப் பார்த்தார். நகர்ந்து அடுத்த மரத்துக்குப் போனார். அதற்காக நாற்பத்தொன்று தப்பிவிடவில்லை. வெளியூர்க்காரர்கள் யாரோ உங்களைக் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டு அதை வெட்டினார்கள். முப்பத்தொன்பதிலிருந்து நாற்பத்தேழு வரை ஒன்பது மரம் ரோட்டின் குறுக்கே விழுந்தது. ஜன்னல் வழியாக நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

பள்ளி திறந்த அன்று மரங்களின் வருகை எடுக்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். எடுத்தீர்கள். “முப்பத்தொம்போது” என்றதும் ஒருத்தி எழுந்து அழத் தொடங்கினாள். ஒன்பது பிள்ளைகளும் நின்றார்கள். மற்ற நாளாக இருந்தால் ‘மரம் வெட்டப்பட்டது’ என்று எழுதிவிட்டு யாரால என்று கேட்டிருப்பீர்கள். அன்று கேட்கவில்லை. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பன்மார் கோடரியோடு நின்றதை நீங்கள் பார்த்திருந்தீர்கள். “பதிவேட்டுல எழுதிடுங்க டீச்சர், வெட்டப்பட்டதுன்னு” என்று மட்டும் என்னிடம் சொன்னீர்கள்.

எழுதினேன். கட்டம் குறுகல். ‘வெட்டப்பட்டது’ நுழையவில்லை, பக்கத்துக் கோட்டைத் தாண்டியது. எனக்குக் கோடு தாண்டினால் பிடிக்காது. நடுவில் இருந்த ‘ப்பட்ட’வை விட்டுவிட்டு ‘வெட்டியது’ என்று எழுதினேன். ஒன்பது தரம். அழகாக, அச்சுப்போல.

மூன்று நாள் கழித்துப் போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். ஹெச்.எம். விடுப்பில் இருந்தார், பொறுப்பு என்னிடம். நீங்கள் பிள்ளைகளோடு வெட்டுண்ட அடிமரத்தில் வளையம் எண்ணப் போயிருந்தீர்கள். எந்தெந்த நம்பர் மரம் போனது என்று சரியான பட்டியல் யாரிடமும் இல்லை என்று அவர் அலுத்துக்கொண்டார். உடனே எனக்குப் பெருமை பொங்கியது. ஒரு ஆபீசிலும் இல்லாத பதிவேடு என் பீரோவில் இருக்கிறதே! “எங்க ஸ்கூல்ல எல்லா மரத்துக்கும் ரெக்கார்ட் இருக்குங்க சார்” என்று எடுத்துக் கொடுத்தேன். டீ வரவழைத்தும் கொடுத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும், டீச்சர்.

தலைப்புகள் இருந்த மேல் ஓரத்தைக் கறையான் தின்றிருந்தது. பாதுகாவலர் என்ற சொல்லே இல்லை. அவர் இடமிருந்து வலமாகப் படித்தார். ‘41, புளி, முருகன் த/பெ கோவிந்தன், வெட்டியது.’ கட்டங்களை மறந்துவிட்டால் அது ஒரு முழு வாக்கியம். இன்னார் மகன் இன்னான் வெட்டிய புளி. முருகனைத் தேடிப் போன போலீஸ், அரை டிராயர் போட்ட பத்து வயதுப் பையன் வந்து நிற்பதைப் பார்த்துத் திகைத்திருக்க வேண்டும். திகைத்துத் திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பையன் இல்லாவிட்டால் அப்பன் என்று ஒன்பது வீட்டிலும் அப்பன்மாரை ஏற்றிக்கொண்டு போனார்கள். கோவிந்தன் வேறு இரண்டு மரத்தை வெட்டியவர், வெட்டாமல் விட்ட ஒரே மரத்துக்காக மாட்டினார்.

அஞ்சலையின் அப்பா காத்தவராயன் மாட்டியது அதைவிடக் கொடுமை. காலனியிலிருந்து வந்த பிள்ளை அஞ்சலை. போராட்டம் அவர்களுடையது அல்ல, அந்தப் பங்கும் அவர்களுக்கு அல்ல. மறியல் நடந்த அன்று அந்த மனுஷன் ஊரிலேயே இல்லை, மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். ஆனால் நாற்பத்தாறு அஞ்சலையின் மரம். என் பதிவேட்டில் ‘அஞ்சலை, த/பெ காத்தவராயன், வெட்டியது’ என்று இருந்தது. மற்ற எட்டுப் பேருக்கும் ஆள் இருந்தது, வக்கீல் வந்தார், வேன் வந்தது. மாலை போட்டு ஊருக்கு அழைத்துவந்தார்கள். காத்தவராயனுக்காகக் கேட்க ஸ்டேஷன் படியேறியவர் நீங்கள் ஒருத்திதான். எனக்கு அன்று காய்ச்சல். காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு படுத்திருந்தேன்.

அங்கே நடந்ததைப் பத்து நாள் கழித்துக் காத்தவராயனே என்னிடம் சொன்னார். வலது கையில் கட்டோடு பள்ளி வாசலில் நின்றார். அஞ்சலைக்கு டி.சி. வேண்டும் என்றார். கை சரியாகிறவரை வேலைக்குப் போக முடியாது, பிள்ளையும் அம்மாவும் களை எடுக்கப் போனால்தான் வீட்டில் உலை. நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் தணிந்த குரலில் பேசினார்.

“யாரு வெட்டுனதுன்னு போலீசு கேட்டாங்க. சின்ன டீச்சரு ‘நான் பாக்கல’ன்னுட்டாங்க. இது யார் எழுத்துன்னு கேட்டாங்க. என்னுதுன்னுட்டாங்க. பாவங்க அவங்க. அது சின்ன டீச்சர் எழுத்து இல்லப்பா, பெரிய டீச்சர் எழுத்துன்னு எம் பொண்ணு சொல்லுது.”

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. என் பேனா அஞ்சலையின் வரியில் ‘நீங்கிய காரணம்’ கட்டத்தில் நின்றது. ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதினேன். கோட்டைத் தாண்டாமல் எழுதினேன்.

பார்க்காமல் உள்ளேன் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த நீங்கள், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு “பாக்கல” என்றீர்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் வெட்டியவர்கள் மாட்டியிருப்பார்கள், காத்தவராயன் அன்றே வந்திருப்பார். ஆனால் வெட்டியவர்களும் உங்கள் பிள்ளைகளின் அப்பன்மார்தான். யார் பெயரையும் சொல்லாமல், அவரை விடும்வரை பகல் முழுக்க அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்களாம்.

துறை விளக்கம் கேட்டது. பதிவேடு எப்படிப் போலீஸ் கைக்குப் போனது? நான் பதில் எழுதினேன். ‘மேற்படி பதிவேடு காவல்துறையினரிடம் ஒப்படைக்கப்பட்டது.’ யாரால? அது அதில் இல்லை. ஒன்பது இடத்தில் இருக்க வேண்டியபோது நான் விட்டுவிட்ட ‘ப்பட்ட’வை, எனக்கு வேண்டியபோது எவ்வளவு கவனமாகப் போட்டுக்கொண்டேன் பார்த்தீர்களா? அது உங்கள் எழுத்து என்று நீங்களே ஸ்டேஷனில் சொல்லியிருந்ததால் மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. உங்களுக்கு மலைக்கு மாற்றல் வந்தது, ‘நிர்வாக நலன் கருதி.’ நலனாம்! அந்த ஆணையையும் ஆசிரியர் பதிவேட்டில் ஏற்றியது இந்தக் கைதான்.

இரண்டு வருடம் கழித்துத்தான் உங்களைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்தது. கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, கச்சிராயபாளையம் தாண்டி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெள்ளிமலைக்கு வந்தேன். அங்கிருந்து உங்கள் பள்ளிக்கு நடை. சொல்லிவிடுவது என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். நீங்கள் கடுக்காய் மரத்தடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. மலைக்கு வந்த புதிதில் நடந்த கதையை ஆரம்பித்தீர்கள்.

சுண்ணாம்பு கரைத்து எடுத்துக்கொண்டு, மரத்துக்கு நம்பர் போடலாம் வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். ஒன்று எழுதி முடிப்பதற்குள் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பெரியவர்களை அழைத்துவந்துவிட்டார்களாம். “நம்பர் போட்டா வெட்டிடுவாங்க டீச்சர்” என்று ஒரு சிறுமி உங்கள் கையிலிருந்த மட்டையைப் பிடுங்கி எறிந்தாளாம். அந்த மலையில் மரத்துக்கு நம்பர் போடுவதே மரம் வெட்டக் குத்தகை எடுத்தவர்கள்தானாம். நீங்கள் அங்கேயே உட்கார்ந்து ஈரத் துணியால் அதைத் துடைத்தீர்களாம். அதன்பிறகு மரங்களுக்கு நம்பரும் இல்லை, பதிவேடும் இல்லை. மரத்தைப் பிள்ளைகள் கூப்பிடுகிற பெயரிலேயே நீங்களும் கூப்பிட்டீர்கள். “நான்தான் இங்க ஒண்ணாங் கிளாஸ் புள்ள, டீச்சர்” என்று சிரித்தீர்கள்.

சாமைச் சோறு போட்டீர்கள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “டீச்சர், அந்த ரெஜிஸ்டர்...” என்று தொடங்கினேன்.

“அது கெடக்குது விடுங்க. ஊறுகா போட்டுக்கங்க.”

ஊறுகாய் போட்டுக்கொண்டேன். அன்று விட்டது விட்டதுதான். டீச்சர், இன்று சொல்கிறேன், உங்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் எழுப்பி நிறுத்தி ‘நான் ஒடித்தேன்’ என்று சொல்லவைத்தவர், என்னை மட்டும் ஏன் உட்காரவைத்தீர்கள்? ஒரு தரம், ஒரே ஒரு தரம், யாரால என்று என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டீர்களா, அல்லது கேட்டும் பயனில்லாத ஜென்மம் என்று விட்டுவிட்டீர்களா? இதைத் தெரிந்துகொள்ளாமலே நான் இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

மிச்சமிருந்த பத்தொன்பது மரமும் பிறகு ரோடு அகலமானபோது போய்விட்டன. இயந்திர ரம்பம், இரண்டே நாள். அன்று ஒரு மரத்துக்கு ஒரு தகப்பனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இந்தத் தரம் ஒரு ஈ காக்காயைக்கூட யாரும் கேட்கவில்லை. ‘அகற்றப்பட்டன’ என்று ஒரு பலகை வைத்தார்கள்.

சரி, நேற்றைக்கு வருகிறேன். ஹெச்.எம். தாளை நீட்டினார் என்றேனே. “யாரால நடப்பட்டுது? யாரால பராமரிக்கப்படுது?” என்று கேட்டேன். “இன்னா மேடம், ஃபார்மாலிட்டிக்குப் போய்...” என்று தலையைச் சொறிந்தார். நான் விடவில்லை. ஐந்தாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு சுற்றுச்சுவரை ஒட்டி ஒவ்வொரு குழியாகப் பார்த்தேன். குழி குழியாகக் காய்ந்த குச்சி. கைப்பம்புக்குப் பக்கத்தில் மட்டும் பதினோரு கன்று, தளதளவென்று. இது எப்படி என்று கேட்டேன். “அஞ்சலையம்மா பாத்திரம் கழுவற தண்ணிய இதுக்குத்தான் ஊத்தும்” என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

ஆமாம் டீச்சர், அதே அஞ்சலைதான். நம் பள்ளியிலேயே பெருக்குகிற வேலை, கழிவறை கழுவுகிற வேலை. எத்தனையோ வருடமாக நான் அவளோடு மழையையும் விலைவாசியையும் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. தாளை வாங்கி, அச்சடித்த வாக்கியத்தைக் குறுக்கே அடித்தேன். அதன்கீழே, ‘பதினோரு கன்றுகள் உயிரோடு உள்ளன. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியது’ என்று எழுதி, அவள் பெயரைத் தொடங்கினேன். உங்களுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். செய்வினை. எழுவாயோடு. பிள்ளைகள் சுற்றி நின்று எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார்கள். அந்தச் சத்தம் கேட்டு அஞ்சலை துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தாள். என் கையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் என்னவென்று எழுதுவேன்.

“வேணாங்க டீச்சர். மரத்துக்கு நேரா எம் பேர எழுதாதீங்க.”

அவ்வளவு பேர் எதிரில், கையைக் கூப்பிக்கொண்டு சொன்னாள். ஐம்பது வயதுப் பெண். ஹெச்.எம்.முக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லதுக்குத்தானே எழுதுகிறார்கள் என்று அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. அதே எழுத்து, அதே அச்சு, அதில் மறுபடி அவள் பெயர், பக்கத்தில் ஒரு மரம். அன்று வகுப்பில் நீங்கள் ஏன் யாரால என்று கேட்கவில்லை என்பது இத்தனை காலம் கழித்து எனக்கு முழுசாக உறைத்தது. நான் சண்டைக்கு நின்றேன், டீச்சர், நியாயத்துக்காக என்று நினைத்துக்கொண்டு. பயந்தது என்னவோ மறுபடியும் அவள்தான்.

‘அஞ்ச’ வரைக்கும் எழுதியிருந்ததை அடித்தேன். ஒன்றும் தெரியாதபடி, திரும்பத் திரும்ப அடித்தேன். பிறகு பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு அவளைப் பம்பு மேடையில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தாள். எனவே நானும் நின்றேன். உங்களிடம் சொல்வதற்காக மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அவளிடம் சொன்னேன். அவள் துடைப்பத்தின் குச்சியை உருவிக்கொண்டே கேட்டாள்.

“தெரியுங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு எங்கப்பா சாவறவரைக்கும் சொல்லிக்கினு இருந்தாரு” என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போய்விட்டாள்.

அழுதாளா, மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். தண்ணீர் அடித்தாள். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

தாளை முடித்துக் கொடுத்தேன். பதினொன்று இருக்கிறது, மற்றவை காய்ந்துவிட்டன, நேரில் பார்த்தவள் என்று என் பெயரைப் போட்டேன். ஹெச்.எம். அதை ஏற்றுவாரோ, கிழித்துப்போட்டு வேறு தாளில் வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்வாரோ, அவர் பாடு.

உங்கள் பதிவேடு ஸ்டேஷனிலிருந்து திரும்பி வரவே இல்லை. ஆனால் இருபத்தெட்டு வரியும் எனக்கு மனப்பாடம். நாற்பத்தொன்று, புளி, முருகன். நாற்பத்தாறு, புளி, அஞ்சலை. காலையில் பல் துலக்கும்போதுகூட அந்த வருகை என் வாயில் ஓடும். என்னிடம் மிச்சமிருப்பது அதுவும், நான் துறைக்கு எழுதிய அந்த விளக்கமும்தான். விளக்கத்தைத் திருத்த இனி எந்த ஆபீசும் கேட்கப்போவதில்லை. நீங்கள் ஐந்தாம் வகுப்பை எழுப்பி நிறுத்தியது போல நானே எழுந்து நின்று, செய்வினையில், கோட்டைத் தாண்டினாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன்.

பதிவேட்டை நான் கொடுத்தேன். அதில் இருந்த எழுத்தும் என்னுடையது.